கட்டைவிரல் சாஸ்திரம்

இந்த வாரம் மீன் பிடிப்பதைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும், சைவ போஜனக்காரர்களான நேயர்கள் முகத்தைச் சுளித்துப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கட்டுரை முடிகிற வரையில் ஒரு மீனும் உயிர் விடாது என்று இப்போதே வாக்குக் கொடுத்து விடுகிறேன். அதற்குக் காரணம் முக்கால் பங்கு என்னுடைய கைத்திறன்; மீதிக் கால் பங்கு என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

தென்காசிக்காரன் மீனைப் பற்றிப் பேசக் கூடாது என்று யாரும் சொல்ல முடியாது. பதினைந்தாம் நூற்றாண்டில் இங்கே காசி விசுவநாதர் கோயிலை எழுப்பிய பராக்கிரம பாண்டியனுடைய குலச் சின்னமே மீன்தான். அந்தக் கோயிலின் கோபுர வாசலைக் கடந்தவர்கள் எங்கள் ஊரின் இன்னொரு விசேஷத்தையும் அறிவார்கள். அதுதான் காற்று. ஆனி, ஆடி மாதங்களில் மேற்கே மலைக் கணவாய் வழியாகப் புறப்பட்டு வருகிற அந்தக் காற்றில், வேட்டியை ஒரு கையாலும் துண்டை மறு கையாலும் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போக முடியும். மீன், காற்று இரண்டும் இந்தக் கட்டுரைக்கு வேண்டியவை. ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் சிறு பையனாயிருந்த காலத்தில் தூண்டில் என்றால் ஒரு மூங்கில் கம்பு, அதன் நுனியில் இரண்டு பாகம் தங்கூஸ் நரம்பு, மயிலிறகுத் தண்டில் ஒரு தக்கை, ஒரு முள், கொட்டாங்கச்சி நிறைய மண்புழு, அவ்வளவுதான். அதற்குப் பிறகு முப்பது வருஷம் நான் தூண்டிலைத் தொட்டதில்லை. சென்ற வருஷம் சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்த என் மைத்துனர், திரும்பிப் போகையில் நீளமான உறை ஒன்றையும் சிறு பெட்டி ஒன்றையும் எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனார். “அத்தான், இது உங்களுக்கு. ஞாயிற்றுக்கிழமையும் விடைத்தாளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம்” என்றார். உறைக்குள் ஏழடிக் கம்பு. பெட்டிக்குள், ஒரு கைக்குள் அடங்குகிற கறுப்பு யந்திரம் ஒன்று. “மீன் வந்தால் கழுவுகிறவர் யார் என்பதை முதலில் தீர்மானம் செய்துகொள்ளுங்கள்” என்று மட்டும் சொல்லிவிட்டு என் மனைவி அடுக்களைக்குள் போய்விட்டாள். அந்தத் தீர்மானத்துக்கு இன்று வரை அவசியம் ஏற்படவில்லை.

அந்த யந்திரத்துக்குப் பெயர் பெய்ட்காஸ்ட்டிங் ரீல். இரையைத் தூரமாக வீசிப் பிடிக்கிற தூண்டில்களில் ரீல் பெரும்பாலும் இரண்டு விதம். ஸ்பின்னிங் ரீல் என்பது கம்புக்கு அடியில் தொங்கும். வீசும்போது அதன் உருளை அசையாது. நரம்பு மட்டும் வளையம் வளையமாகக் கழன்று போகும். பழகுவது சுலபம், ஒரு மத்தியானத்தில் குழந்தைகூடக் கற்றுக்கொள்ளும். பெய்ட்காஸ்ட்டிங் ரீல் கம்பின் முதுகின் மேல் உட்காரும். வீசும்போது இதில் உருளையே சுழல வேண்டும். கிணற்றில் வாளியைக் கை நழுவ விட்டால் கயிறு சுற்றிய ராட்டினம் கடகடவென்று சுழலுமே, அதே சங்கதி. கஷ்டமானது என்று தெரிந்தும் ஜனங்கள் இதை ஏன் விரும்புகிறார்கள் என்றால், பழகிய கைக்கு இது குறி தவறாது. கனத்த நரம்பைத் தாங்கும். அல்லிக் கொடிக்கும் கோரைக்கும் நடுவே புகுந்துவிட்ட விராலை வெளியே இழுக்கும் பலமும் இதற்கு உண்டு.

இதன் பூர்வோத்தரம் வேடிக்கையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவிலே கென்டக்கி ராஜ்யத்தில் ஜார்ஜ் ஸ்னைடர் என்ற ஒரு கடிகாரக்காரர் இந்த வகை ரீலைச் செய்தார். அவருக்குப் பின் அதைச் செம்மைப்படுத்திப் பெயர் வாங்கிய மீக் சகோதரர்களும் கடிகாரத் தொழிலாளிகளே. கைப்பிடி ஒரு சுற்றுச் சுற்றினால் உருளை பல சுற்றுச் சுற்றும்படி பல்சக்கரங்களைக் கோக்க, கடிகாரம் செய்கிற கைதானே வேண்டும்? நரம்பு ஒரே இடத்தில் குவியாமல் பக்கத்துக்குப் பக்கம் ஒழுங்காகச் சுற்றும் ஏற்பாட்டை 1890-களில் செய்தவர் வில்லியம் ஷேக்ஸ்பியர். பயப்பட வேண்டாம், அவர் மிச்சிகன் ராஜ்யத்துக்காரர். நாடகம் ஒன்றும் எழுதவில்லை. ஸ்வீடன் தேசத்தில் 1921-ல் கடிகாரத் தொழிற்சாலையாகப் பிறந்த ஆபு கம்பெனி, 1950-களில் வெளியிட்ட அம்பாஸடர் என்னும் ரீலால் உலகப் பிரசித்தி அடைந்தது. அதே 1921-ல் ஜப்பானில் ஸகாய் நகரத்தில் சைக்கிள் சக்கரத்துக்கு உறுப்புச் செய்யத் தொடங்கிய ஷிமானோ கம்பெனியும் பிற்காலத்தில் இந்தத் துறைக்கு வந்து சேர்ந்தது.

நம் நாட்டில் ரீல் கட்டிய தூண்டில் நெடுங்காலம் வரையில் துரைமார்களின் பொழுதுபோக்காகவே இருந்தது. மதராஸ் ஸிவில் ஸர்வீஸைச் சேர்ந்த ஹென்றி ஸல்லிவன் தாமஸ் என்பவர் இந்தியாவில் தூண்டில் போடுவதைப் பற்றி 1873-லும், குளங்களில் தூண்டில் போடுவதைப் பற்றித் தனியாக 1887-லும் புத்தகம் எழுதி வைத்திருக்கிறார். இன்றோ தென்காசிச் சுற்றுப்புறத்தில் மோட்டார் சைக்கிளின் பக்கவாட்டில் தூண்டில் உறையைக் கட்டிக்கொண்டு, விடியுமுன் குளத்தங்கரைக்குப் போகிற வாலிபர்களைச் சாதாரணமாகப் பார்க்கலாம். அவர்களைப் போலத்தான் நானும் ஓர் ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை காலையில் புறப்பட்டேன்.

* * *

ஊருக்குக் கிழக்கே ஒரு குளம். கரை உயரமாகவும், நிற்பதற்குச் சௌகரியமாகவும் இருந்தது. பெட்டியோடு வந்த ரப்பர்த் தவளையை நரம்பில் முடிந்தேன். மைத்துனர் செய்து காட்டியபடி பொத்தானை அமுக்கி, கம்பைத் தோளுக்குப் பின்னால் கொண்டு போய், பலங்கொண்ட மட்டும் வீசினேன்.

தவளை எனக்கு முன்னால் ஏழெட்டு முழத்தில் “பொத்”தென்று விழுந்தது. கையில் இருந்த ரீலுக்குள்ளே “சர்ர்” என்று ஒரு சப்தம். குனிந்து பார்த்தேன். யந்திரத்தைக் காணோம். அது இருந்த இடத்தில் ஒரு தூக்கணாங்குருவிக் கூடு இருந்தது! நரம்பு பொங்கி, சிக்குண்டு, கைப்பிடியையும் சுற்றிக்கொண்டு கிடந்தது. அரை மணி நேரம் உட்கார்ந்து பிரித்தேன். மறுபடியும் வீசினேன். மறுபடியும் கூடு. மூன்றாவது கூட்டைப் பிரிப்பதற்குப் பொறுமையில்லாமல் பேனாக்கத்தியை எடுத்த சமயத்தில், பின்னாலிருந்து ஒரு குரல் அதட்டிற்று.

“யாருய்யா அது? குத்தகைக் குளத்திலே கேக்காம கொள்ளாமத் தூண்டி போடுறது?”

திரும்பினேன். முப்பது வயசு மதிக்கத் தக்க ஓர் ஆள். என் முகத்தைப் பார்த்ததும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டான்.

“ஐயோ, ஸாரா! தெரியாமச் சத்தம் போட்டுட்டேன். ஸார், என்னைத் தெரியலையா?”

தெரிந்தது. பதினைந்து வருஷத்துக்கு முன் என் வகுப்பில் கடைசிப் பெஞ்சியில் உட்கார்ந்திருந்தவன். பத்தாம் வகுப்பில் தேறவில்லை. பெயரைப் பத்திரிகையில் போட்டால் அவன் கூச்சப்படுவான், ஆகையால் விட்டுவிடுகிறேன். அவனும் அவனுடைய சித்தப்பாவுமாகச் சேர்ந்து அந்தக் குளத்தின் மீன்பாசியை ஏலத்தில் எடுத்திருந்தார்கள்.

“நீங்க அன்னைக்குச் சொன்னீங்களே ஸார், அதே மாதிரி குளத்தங்கரைக்கே வந்துட்டேன்” என்று சொல்லி அவன் சிரித்தான்.

நான் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அரைப் பரீட்சைத் தாளைத் திருப்பிக் கொடுக்கையில், நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால், “உனக்கெல்லாம் பௌதிகம் எதற்கு? குளத்தங்கரையில் போய் உட்கார்ந்து மீன் பிடி” என்றேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. அவன் மட்டும் சிரிக்கவில்லை. இப்போது அவன் சிரித்தான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அவன் என் கையில் இருந்த கூட்டைப் பார்த்தான்; குளத்தைப் பார்த்தான்; மேற்கே மலையைப் பார்த்தான். “ஸார், கரைமேல நின்னா காத்து மூஞ்சியில அடிக்குமில்லா?” என்றான்.

எவ்வளவு சாதாரணமான உண்மை! எங்கள் பக்கத்தில் பூமி மேற்கே மலையடிவாரத்திலிருந்து கிழக்கு நோக்கிச் சரிகிறது. ஓடி வருகிற தண்ணீரைத் தேக்குவதற்கு முன்னோர்கள் பள்ளமான கிழக்குப் புறத்திலேதான் பெரும்பாலும் கரை போட்டார்கள். ஆகவே கரைமேல் நின்று தண்ணீரைப் பார்க்கிறவன் மேற்கே பார்க்கிறான். கணவாய்க் காற்று நேரே அவன் முகத்தில் வந்து மோதுகிறது. பத்து வருஷம் பழகியவனே எதிர்க்காற்றில் இந்த ரீலை வீசத் தயங்குவான். நானோ முதல் பாடத்தையே ஆடிக் காற்றை எதிர்த்துத் தொடங்கியிருந்தேன்.

* * *

வீட்டுக்குத் திரும்பிச் சிக்கை மேஜைமேல் வைத்துக்கொண்டு யோசித்தேன். நான் இருபது வருஷமாக வகுப்பில் கற்பித்து வரும் விஷயம்தான் என்னைத் தோற்கடித்திருந்தது. ஓடுகிற பொருள், வேறொரு விசை தடுக்காத வரையில் ஓடிக்கொண்டே இருக்கும். நியூட்டனின் முதல் விதி. முன்காலத்துப் புத்தகங்கள் இதை ஜடத்துவம் என்றன. இக்காலத்தில் நிலைமம் என்கிறோம். வீசிய கணத்தில் தவளையும் உருளையும் ஒரே வேகத்தில் புறப்படுகின்றன. தவளையைக் காற்று தடுக்கிறது. அதன் வேகம் குறைகிறது. உருளைக்கு அந்தச் சமாசாரம் தெரியாது. அது பழைய வேகத்திலேயே சுழன்று, யாரும் கேட்காத நரம்பை அவிழ்த்துக் கொட்டிக்கொண்டே இருக்கிறது. கொட்டுகிற நரம்பு போக இடமில்லாமல் பொங்கிச் சிக்காகிறது. இதுதான் குருவிக்கூட்டின் ரகசியம்.

மறுநாள் சாயங்காலம் என் பழைய மாணாக்கன் வீட்டுக்கே வந்துவிட்டான். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. ரீலைக் கையில் எடுத்துக்கொண்டு, “எறியறதை அப்புறம் பாத்துக்கலாம் ஸார். மொதல்ல நிப்பாட்டப் படிக்கணும்” என்றான். அவனிடம் நான் கற்றதை, புதிதாக ஆரம்பிக்கும் நேயர்களுக்காக வரிசைப்படுத்தித் தருகிறேன்.

முதலாவது, முள்ளைக் கழற்றி வைத்துவிடுங்கள். பழகுவதற்குத் தண்ணீரும் வேண்டாம், மீனும் வேண்டாம். பள்ளி மைதானமோ, அறுப்பு முடிந்த வயலோ போதும். பதினைந்து முதல் இருபது கிராம் வரையில் எடையுள்ள ஈயக் குண்டு ஒன்றை நரம்பில் கட்டிக்கொள்ளுங்கள். ஏழு கிராமுக்குக் குறைந்த இலேசான பொருள் உருளையை இழுக்கப் போதாது. அதை வீசுவது தேர்ந்தவர்களின் வேலை.

இரண்டாவது, நரம்பு. கடைக்காரர் பின்னிய நூலை எடுத்துக் காட்டுவார். விராலுக்கு அது நல்லதுதான்; ஆனால் அதன் சிக்கு தொடக்கக்காரரை அழ வைக்கும். சாதாரணத் தங்கூஸ் நரம்பில் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு கனமுள்ளதாக வாங்கிச் சுற்றுங்கள். உருளையின் விளிம்பு வரை நிரப்பாமல் மூன்று மில்லிமீட்டர் குறைவாக நிறுத்துங்கள். நிறைகுடம் தளும்பாது என்பது மனிதர்களுக்குத்தான், ரீலுக்குப் பொருந்தாது.

மூன்றாவது, தடைகள். யந்திரத்தில் தடை இரண்டு. கைப்பிடிப் பக்கத்தில் உள்ள சிறு திருகு உருளையின் அச்சை இரு புறமும் அழுத்துகிறது. கம்பை நேராக நீட்டி, ஈயத்தை நுனியிலே தொங்கவிட்டு, பொத்தானை அமுக்குங்கள். ஈயம் மெல்ல இறங்க வேண்டும். அது தரையைத் தொட்டதும் உருளை தானாக நிற்க வேண்டும். அப்படி ஆகும் வரையில் திருகை இறுக்குங்கள். மறுபக்கத்தில் எண்கள் போட்ட மற்றொரு திருகு இருக்கும். அநேகமாக அது காந்தத் தடை. அலுமினிய உருளை காந்தத்தின் அருகே சுழலும்போது அதற்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகி, அந்தச் சுழற்சியையே எதிர்க்கிறது. லென்ஸ் விதி என்று நாங்கள் கரும்பலகையில் எழுதுவது இதைத்தான். வேகம் கூடக்கூட எதிர்ப்பும் கூடும் என்பதே இதன் அழகு. ஆரம்பத்தில் இதைப் பெரிய எண்ணிலே வைத்துக்கொண்டு, கை பழகப் பழக ஒவ்வோர் எண்ணாகக் குறையுங்கள்.

நான்காவது, ஒரு சின்ன உபாயம். நரம்பை முப்பது கஜம் வெளியே இழுத்துவிட்டு, உருளையில் மீதியிருக்கும் நரம்பின்மேல் ஒட்டு நாடா ஒரு துண்டு ஒட்டிவிடுங்கள். பிறகு வெளியே இழுத்ததைச் சுற்றிக்கொள்ளுங்கள். எவ்வளவு பெரிய சிக்கு விழுந்தாலும் அந்த நாடாவைத் தாண்டி உள்ளே போகாது.

ஐந்தாவதுதான் சாஸ்திரத்தின் உயிர். அது கட்டைவிரல். யந்திரத்தின் தடைகள் எத்தனை இருந்தாலும், ஈயம் எங்கே போகிறது, எப்போது விழுகிறது என்று அவற்றுக்குக் கண் இல்லை. கண் உங்களுக்கு இருக்கிறது. அதன் ஏவலாள் கட்டைவிரல். ஈயத்தை நுனியிலிருந்து ஒரு சாண் தொங்கவிட்டு, கட்டைவிரலால் உருளையை அழுத்திக்கொண்டு பொத்தானை அமுக்குங்கள். கம்பைப் பின்னால் சாய்த்து, வெடுக்கென்று இல்லாமல் ஒரே சீராக முன்னே கொண்டு வாருங்கள். வீசுவது உங்கள் தோள் அல்ல. வளைந்து நிமிர்கிற கம்பு. நுனி தலையைத் தாண்டி முன்னே வரும் தருணத்தில் விரலைத் தளர்த்துங்கள். தளர்த்துவதோடு சரி, எடுத்துவிடக் கூடாது. உறங்குகிற குழந்தையின் தலையில் கை வைப்பதுபோல அது உருளையின்மேல் பட்டும் படாமலும் இருக்கட்டும். நரம்பு பொங்குவது விரலுக்கே தெரியும். அப்போது சிறிது அழுத்த வேண்டும். ஈயம் தரையைத் தொடுவதற்கு ஒரு கணம் முந்தி முழுவதும் அழுத்தி நிறுத்திவிட வேண்டும். தொட்ட பிறகு அழுத்தினால் கூடுதான்.

அப்படியும் கூடு விழத்தான் செய்யும். விழுந்தால் கத்தியைத் தேடாதீர்கள். சிக்கின்மேல் கட்டைவிரலை அழுத்தி வைத்துக்கொண்டு கைப்பிடியை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, நரம்பை மெதுவாக வெளியே இழுங்கள். மறுபடியும் அழுத்திச் சுற்றி இழுங்கள். பத்துச் சிக்கில் எட்டு இப்படியே பிரிந்துவிடும். இதையும் அவன்தான் காட்டினான். முதல் நாள் நான் அரை மணி நேரம் நகத்தால் கிள்ளிக்கொண்டிருந்ததைப் பார்த்தும் அவன் சிரிக்கவில்லை என்பதை இங்கே குறிப்பிட வேண்டும்.

பதினைந்து அடி தூரத்தில் ஒரு பழைய சைக்கிள் டயரைப் போட்டு, தினந்தோறும் இருபது தடவை வீசினேன். உபாத்தியாயரின் வழக்கப்படி நோட்டுப் புத்தகத்தில் எனக்கே மார்க்கும் போட்டுக்கொண்டேன். முதல் நாள் இருபதுக்குப் பதினேழு சிக்கு. வார முடிவில் பதினொன்று. மூன்றாவது வாரத்தில் இரண்டு. நடுவே ஒரு நாள், காரணம் ஒன்றுமே தெரியாமல், பதினாறு! வகுப்பில் பிள்ளைகள், “நேற்று வந்தது ஸார், இன்னைக்கு வரலை” என்று சொல்லும்போதெல்லாம் அதைச் சோம்பேறித்தனத்தின் சாக்கு என்றுதான் இத்தனை காலமாக நினைத்திருந்தேன்.

* * *

கடைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த ரீலுக்குரிய கம்பு வேறு. அதன் பிடியின் அடியில் துப்பாக்கிக் குதிரையைப் போல ஒரு கொக்கி இருக்கும், வளையங்கள் மேல்புறம் பார்க்கும். ஆறரை முதல் ஏழடி நீளம், நடுத்தர விறைப்பு போதும். கைப்பிடி வலப்புறம் உள்ளதும் உண்டு, இடப்புறம் உள்ளதும் உண்டு. கடையிலேயே சுற்றிப் பார்த்து வாங்குங்கள், பிறகு மாற்ற முடியாது. விலை உயர்ந்த ரீல் வாங்கினால் சிக்கு விழாது என்று யாராவது சொன்னால், விலை உயர்ந்த பேனா வாங்கினால் பிழை வராது என்று பதில் சொல்லுங்கள்.

தண்ணீருக்குப் போகுமுன் வேறு சில விஷயங்கள். குளத்து மீன் பொதுச் சொத்து என்று நினைத்து என்னைப் போல அவமானப்பட வேண்டாம். எங்கள் பக்கத்துக் குளங்களில் மீன்பாசி பெரும்பாலும் ஏலத்தில் போயிருக்கும். குத்தகைதாரரைக் கேட்டுக்கொண்டு போங்கள். அணைகளுக்கு அனுமதி வேண்டும். வனத்துறையின் எல்லைக்குள், அதிலும் 1988-ல் ஏற்பட்ட களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள், தூண்டிலோடு போவதை நினைக்கவே வேண்டாம். மலையாற்று மஹ்சீர் மீன்களின் கதையும் மனத்தில் இருக்கட்டும். மைசூர் வான் இங்கன் குடும்பத்தார் ஒருவர் 1946-ல் கபினி ஆற்றில் 120 ராத்தல் மஹ்சீர் ஒன்றைப் பிடித்தார். அந்த இனத்துக்குரிய சாஸ்திரப் பெயர் இன்னது என்று நிச்சயமானது 2018-ல். அதே வருஷத்தில் அது அழிவின் விளிம்பிலுள்ள உயிர்களின் பட்டியலிலும் ஏறிவிட்டது.

குற்றாலத்து அருவிக் கரைகளில் தூண்டில் வேண்டாம். அது குளிக்கிறவர்களின் இடம். தவிர, மலையில் பெய்யும் மழை கீழே நிற்பவனுக்குத் தெரியாது. 2024 மே மாதத்தில் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு மாணவனை அடித்துக்கொண்டு போனதை நாங்கள் மறக்கவில்லை. குளத்திலும், மண் அள்ளிய பள்ளங்கள் தண்ணீருக்கு அடியில் மறைந்து கிடக்கும், இறங்காதீர்கள். இக்காலத்துக் கம்புகள் கார்பன் இழையால் ஆனவை. மின்சாரம் அதில் பாயும். மின் கம்பிக்கு அடியிலும், இடி மின்னல் வேளையிலும் கம்பைத் தூக்குவது உயிருக்கு ஆபத்து. கடைசியாக, அறுத்தெறிந்த தங்கூஸ் நரம்பு மக்குவதில்லை; கொக்கு நாரைகளின் காலைச் சுற்றிக்கொண்டு அவற்றைக் கொன்றுவிடும். நான் ஒரு பழைய காப்பி டப்பாவில் அவற்றைச் சேர்த்து வீட்டுக்குக் கொண்டு வருகிறேன். டப்பா மிக விரைவில் நிரம்பிவிட்டது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

* * *

ஐப்பசியில் இரண்டு மழை நன்றாகப் பெய்து குளம் பெருகிய பிறகு, “இனிமே வரலாம் ஸார்” என்று செய்தி அனுப்பினான். விடியற்காலையில் போனேன். மேல்காற்று ஓய்ந்திருந்தது. மறுகால் பக்கத்தில் கோரைகளுக்கு நடுவே தண்ணீர் கண்ணாடி போலிருந்தது. ரப்பர்த் தவளையை நான் நாலைந்து முறை வீசினேன். ஒன்றுகூடச் சிக்கவில்லை, நரம்பைச் சொல்லுகிறேன். மீனும் சிக்கவில்லை.

“கொஞ்சம் குடுங்க ஸார், அந்தக் கோரை ஓரமாப் போட்டுக் காட்டுறேன்” என்று கம்பை வாங்கினான். தோள் அசைந்ததே தெரியவில்லை. தவளை அம்பு போலப் பறந்தது. நடு வழியில் அவனுடைய கட்டைவிரல் சட்டென்று அழுந்திற்று. தவளை அந்தரத்தில் உதறிக்கொண்டு, குறிக்கு நாலு பாகம் இப்பாலேயே விழுந்தது.

அவனுக்கும் சிக்கு விழுகிறதே என்று எனக்குள் ஒரு சந்தோஷம் உண்டானதை மறைக்க மாட்டேன். ஆனால் ரீலில் ஒரு சிக்கும் இல்லை. அவன் பேசாமல் கையை நீட்டிக் கோரை ஓரத்தைக் காட்டினான்.

தண்ணீரின்மேல் ஓர் இடம் மட்டும், குங்குமத்தைக் கரைத்து விட்டாற்போலச் சிவந்து, நடுங்கிக்கொண்டிருந்தது. உற்றுப் பார்த்தேன். நூற்றுக்கணக்கான விரால் குஞ்சுகள்! ஒரு திரளாக மேலே வந்து மூச்சு வாங்குவதும், கலைவதும், மறுபடி கூடுவதுமாக இருந்தன. அவற்றுக்கு அடியில் கறுப்பாக ஒரு நிழல் மெல்ல வட்டமிட்டது.

“பெரிசு கீழே காவல் நிக்குது. இப்பத் தவளையை மேல போட்டா கட்டாயம் அடிக்கும் ஸார். பசியில இல்லை, குஞ்சைத் தின்ன வந்ததுன்னு நெனைச்சு அடிக்கும். சின்னப் பிள்ளைகூட அதைப் பிடிச்சிரும். பிடிச்சிட்டா, சாயங்காலத்துக்குள்ள மத்த மீனெல்லாம் சேர்ந்து இந்தக் குஞ்சு அவ்வளவையும் காலி பண்ணிரும்.”

விராலின் காவல் பெரும்பாலும் தகப்பனுடைய பொறுப்பு என்று நான் புத்தகத்தில் படித்திருந்தேன். படித்ததைச் சொல்லத் தோன்றவில்லை. பறந்துகொண்டிருந்த தவளைக்கும் அந்தச் சிவப்புக்கும் இடையே இருந்த அரைக் கணத்தில், கண்டு, நினைத்து, நிறுத்திவிட்ட அந்தக் கட்டைவிரலைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். பதினைந்து வருஷத்துக்கு முன் நாற்பது பிள்ளைகளின் முன்னிலையில் நான் வீசிய ஒரு வார்த்தையை நிறுத்துவதற்கு எனக்கும் அவ்வளவு நேரம் இருந்தது.

“தம்பி, அன்றைக்கு வகுப்பில் நான் அப்படிச் சொன்னது தப்பு” என்றேன்.

அவன் சிறிது நேரம் குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கம்பை என் கையில் கொடுத்தான்.

“அதை விடுங்க ஸார். நரம்பு தண்ணியில கெடக்கு, சுத்துங்க” என்றான்.

சுற்றினேன். ஆரம்பத்தில் சொன்னேனே, ஒரு மீனும் சாகாததற்கு மீதிக் கால் பங்குக் காரணம் என்று, அது இதுதான். தை மாதத்தில் குஞ்சுகள் பெரிதாகிப் பிரிந்து போன பின் திரும்பவும் வரச் சொல்லியிருக்கிறான். அதற்குள் இருபதுக்கு இருபது மார்க்கும் வாங்கிவிட வேண்டும் என்று, அந்தப் பழைய சைக்கிள் டயரை இப்போது முப்பது அடி தூரத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறேன்.